நல்ல நேரத்தில் படுத்துக்கொள்ளும் சர்வர்

சேவ் பட்டனை அமுக்கிவிட்டு எழுந்து போய், முகம் கழுவி, தலை சீவி, பூவைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாலும் திரையில் அந்தப் பச்சைக் கோடு பாதி தூரத்தில்தான் நிற்கும். எங்கள் அச்சாபீஸ் டிசைன் செக்‌ஷனில் ஆறு பெண்கள். சிவகாசியில் அந்த ஆனி மாதம் அவர்களைப் போல முகம் பளிச்சென்று இருந்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எல்லாம் என் பொறுப்பில் இருந்த சர்வரின் புண்ணியம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கட்டிங் மெஷினில் பேப்பர் வெட்டத்தான் இங்கே சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷம் வெட்டினேன். தினமும் வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போது விரல்களை எண்ணுவேன். பத்து வரும். சந்தேகமாக இருக்கும். இன்னொரு தரம் எண்ணுவேன். கேட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். இது முதலாளி காதுக்குப் போயிருக்கிறது. சர்வர் வாங்கின அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

“இம்புட்டுப் பயப்படுறவன்தாம்லே இதுக்கு லாயக்கு. தைரியசாலி கையில குடுத்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் அழிச்சுப்புடுவான்.”

அப்படித்தான் பிளேடிலிருந்து தப்பித்து ஏசி ரூமுக்குள் வந்தேன். சர்வர் என்றால் பெரிய சங்கதி இல்லை. நாலு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெரிய டிஸ்க் மாதிரி காட்டுகிற பெட்டி. அந்த நாலையும் மேய்ப்பதற்குத் தனிக் கார்டு எதுவும் கிடையாது, சாஃப்ட்வேரே மேய்த்துக்கொள்ளும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, செத்ததில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். இதற்கு ரெய்டு என்று பெயர். அந்த வார்த்தையை ஆபீசுக்குள் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், சாமி படம், தினசரி காலண்டர் என்று எங்கள் பிழைப்பு மொத்தமும் அந்த நாலு டிஸ்க்கில்தான் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு டிஸ்க் செத்தது. புதுசு வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்துத்தான் இந்தப் படுக்கை வியாதி ஆரம்பித்தது. அதுவும் நாள் பூராவும் இல்லை. ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம், ஒரு நாள் மத்தியானத்துக்கு முன்னால், ஒரு நாள் சாயங்காலம். மற்ற நேரமெல்லாம் குதிரைதான்.

டிசைன் செக்‌ஷனுக்குத் தலைவி மாதிரி ஓர் அம்மா உண்டு. என்னைவிட நாலைந்து வயசு சின்னவர், வாய் மட்டும் பத்து வயசு பெரிசு. என் ரூம் வாசலில் வந்து நின்றுகொண்டு கேட்பார்.

“அண்ணே, உள்ள உயிரோடதான் இருக்கீகளா? இல்ல நீங்களும் பாதியில நிக்கீகளா?”

“பாத்துக்கிட்டுத்தான் தாயி இருக்கேன்.”

“ஒரு மாசமா பாத்துக்கிட்டே இருக்கீக. பொண்ணு பாக்கப் போனவுககூட இம்புட்டு நாள் பாக்க மாட்டாக.”

நான் சும்மா இருக்கவில்லை. கேபிளை மாற்றினேன். விசிறியைத் துடைத்தேன். இடம் குறைந்ததால்தான் மெதுவாகிறது என்று யாரோ சொன்னார்கள் என்று பழைய ஃபைல்களை அழிக்க உட்கார்ந்தேன். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் மூன்று தரம் திறந்து பார்ப்பேன். மூன்று நாளில் இரண்டு ஃபைல் அழித்தேன். சாயங்காலம் அதில் ஒன்றைத் திரும்பப் போட்டுவிட்டேன், எதற்கு வம்பு என்று.

அளந்தும் பார்த்தேன். பெரிய ஃபைல் ஒன்றை எழுதி, விநாடிக்கு எத்தனை எம்பி போகிறது என்று பார்க்கிற வேலை, எண் கூடினால் வேகம். ஆனால் பெண்கள் வேலை செய்யும்போது அளந்தால் அவர்களுக்கு இன்னும் மெதுவாகுமே என்று பயந்து, அவர்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் அளப்பேன். எப்போதும் நன்றாகவே வரும். நோட்டில் குறித்துக்கொண்டு, வியாதி போய்விட்டது என்று சந்தோஷப்படுவேன். மறுநாள் வாசலில் அந்தம்மா நிற்பார்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம், அதாவது ஆர்டர் பிடிக்கிற மாதிரிப் புத்தகம், வெளியாக வேண்டும். இந்த ஊரில் அது கல்யாண முகூர்த்தம் மாதிரி, தள்ளிப்போட முடியாது. மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். சின்ன வயசு, பைக்கில் வந்தார். ஒன்பது மணிக்கே வந்து, பையைத் திறந்து வேலையை ஆரம்பிக்கப் போனார்.

“தம்பி, இருங்க,” என்றார் முதலாளி. “இன்னிக்குப் புதன். ஒம்பதே காலுக்கு மேல கை வைங்க. மொத மொத மெஷினைத் தொடுறீக.”

ஒன்பதே காலுக்கு அவர் அளந்தார். நான் முந்நூறு என்று நோட்டில் எழுதி வைத்திருந்த இடத்தில் அவருக்கு முப்பதுதான் வந்தது. நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணே, ஒரு சைஃபர் கூடப் போட்டிருப்பீங்களோ?”

“நான் எட்டாவது சார். சைஃபர் வரைக்கும் தெரியும்.”

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். அன்றைக்கும் ஒன்பதே கால் வரை டீ கொடுத்து உட்கார வைத்தார் முதலாளி. அன்றைக்கும் முப்பதுதான். அவர் பைக் தெருமுனை திரும்பிய பிறகு, மத்தியானம் நான் அளந்தேன். முந்நூற்றுப் பத்து. மெஷினுக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லையா, இல்லை என்னைச் சமாதானப்படுத்த நடிக்கிறதா?

இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாளில் புதுப் பெட்டி, புது டிஸ்க் நாலு, மேய்ப்பதற்குத் தனிக் கார்டு, அதோடு வருஷம் பூராவும் அவர்களே வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரி என் இடத்துக்கு வைத்த வெடி. முதலாளி கூப்பிட்டார்.

“ஆடி பொறந்துட்டா புதுச் சாமான் வாங்க மாட்டேன். ஆனி கடைசிக்குள்ள சரி பண்ணிப்புடு. வர்ற வியாழக்கிழமை அந்தத் தம்பி கடைசியா வந்து பாப்பாக. அன்னிக்கும் படுத்துக் கெடந்துச்சுன்னா புதுசு வந்துரும். நீ பழையபடி கட்டிங்குக்குப் போயிரு. அங்கன ஆள் தேவை இருக்கு.”

வெளியே வந்து விரல்களைப் பார்த்தேன்.

புதன்கிழமை வரை எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கவனித்தேன். மெஷின் படுத்திருக்கும் நேரத்தில், ஆறு பெண்களும் சும்மா இருந்தாலும்கூட, நாலு டிஸ்க்கின் விளக்குகளும் பொரிமத்தாப்பு மாதிரி மின்னிக்கொண்டே இருந்தன. யாருமே எழுதவில்லை, யாருமே கேட்கவில்லை, அப்புறம் யாருக்காக இப்படி ஓடுகிறது?

அன்று பத்தே காலுக்கு அந்தம்மா வந்தார். கையில் அடுத்த வருஷத் தினசரி காலண்டரின் புரூஃப் தாள்கள். ஒரு மாதமாக அவருக்கு அதைத் திருத்துகிற வேலை. தேதி, கிழமை, திதி, நல்ல நேரம், ராகு காலம் எல்லாவற்றையும் கண் வலிக்கப் பார்த்து டிக் அடிக்க வேண்டும்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீகளே?”

“கேளு தாயி.”

“நான் மூஞ்சி கழுவப் போற நேரத்தை ஓரத்துல குறிச்சு வெச்சிருக்கேன். பாருங்க. புதன் ஒம்பதே காலு. வியாழன் பத்தே முக்காலு. வெள்ளி ஒம்பதே காலு. செவ்வா சாயங்காலம் நாலே முக்காலு. இப்ப தாளைப் பாருங்க.”

பார்த்தேன். புதன் தாளில் நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால். வியாழன் பத்தே முக்கால் முதல் பதினொன்றே முக்கால்.

“உங்க சர்வரு பஞ்சாங்கம் பாத்துல்ல படுக்குது! ராகு காலத்துல சுறுசுறுப்பா ஓடுது, நல்ல நேரம் வந்தா சாஞ்சிருது. யாரு பெத்த புள்ளயோ!”

அந்தம்மா சிரித்தார். யார் பெற்ற பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். டிஸ்க்குகளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று அந்த சாஃப்ட்வேரே முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்துக்கொள்ளும். மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தது. எனக்குப் போதுமா? போன வருஷமே அதைத் தினமும் நடக்கிற மாதிரி மாற்றி வைத்தேன். இம்மாதிரிக் காரியத்தை ராகு காலத்தில் தொடங்கலாமா? சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்து, கிழமைக்கு ஒரு நேரமாக ஏழு வரி எழுதி, நல்ல நேரத்தில் ஆரம்பித்து நல்ல நேரம் முடியும்போது நிறுத்துகிற மாதிரி செய்தேன். ஒரு வருஷமாக அது யாருக்கும் தொந்தரவு இல்லாமல்தான் நடந்தது. வேறு வேலை வந்தால் அது ஒதுங்கி வழிவிடும்.

வழிவிடுவதை நிறுத்தியதும் நான்தான். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதுசு மாட்டியபோது, அதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதி முடிக்க நாலைந்து நாளாகும் என்று காட்டியது. அதற்குள் இன்னொரு டிஸ்க் செத்தால்? பயத்தில், யார் எந்த வேலை செய்தாலும் இந்த வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஓர் அளவை ஏற்றி வைத்தேன். புது டிஸ்க் ஒரே நாளில் தயாரானது. தினசரிச் சரிபார்ப்புக்கும் அதே அளவுதான், ஏற்றியதை இறக்க மறந்துவிட்டேன். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன், இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் இரண்டு வாரமும் கோயில் பொங்கலுக்கு ஆபீஸ் லீவு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் நல்ல நேரம் பிறந்தால் போதும், அந்தச் சரிபார்ப்பு வழியை அடைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது.

“என்னண்ணே, மூஞ்சி சுண்ணாம்பாப் போச்சு?” என்றார் அந்தம்மா.

“ஒண்ணுமில்ல தாயி. நீ இதை யார்கிட்டயும் சொல்லாத.”

“நீங்க சொல்லாதன்னு சொன்னதுமே தெரிஞ்சு போச்சு, யாரு பண்ணுன வேலைன்னு.”

கதவைச் சாத்திக்கொண்டு ஏழு வரியையும் அழித்தேன். வேக அளவையும் இறக்கினேன். யாரிடமும் சொல்லாமல், வியாழக்கிழமை இன்ஜினியர் அளக்கும்போது மெஷின் குதிரையாக ஓடினால் போதும், தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான். அதைச் செய்ய வேறு முகம் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை.

வியாழன் பத்தே முக்கால். இன்ஜினியர், முதலாளி, நான். அந்தம்மா தாள் கொடுக்க வந்ததுபோல் கதவோரம் நின்றார். இன்ஜினியர் அளந்தார். முந்நூற்றுச் சொச்சம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். அதேதான்.

“நேத்து வரைக்கும் படுத்துக் கெடந்ததுதானே?” என்றார் முதலாளி.

“தானா சரியாயிருச்சு அண்ணாச்சி,” என்றேன்.

“அப்புறம் ஏம்லே இம்புட்டு வேர்க்குது? ஏசி ஓடுதுல்ல?”

கதவோரத்தில் புரூஃப் தாள் குலுங்கியது. அந்தம்மா அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவ்வளவுதான், எனக்குள் இருந்தது மொத்தமும் கொட்டிவிட்டது. அதுவும் முன்பின்னாக: முதலில் வேக அளவு, பிறகு நல்ல நேரம், பிறகு கோயில் பொங்கல், நடுவில் கட்டிங் மெஷின். முதலாளிக்கு இரண்டாவது வார்த்தை மட்டும்தான் புரிந்தது.

“நல்ல நேரத்துல ஆரம்பிச்சது தப்பா?” என்று இன்ஜினியரிடம் கோபமாகக் கேட்டார்.

இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“அண்ணே, ஒரு மணி நேரத்துல எவ்வளவு தூரம் சரிபார்க்கும்?”

“ஒம்பதுல ஒரு பங்கு சார்.”

“மறுநாள் விட்ட எடத்துலேருந்து போகுமா?”

“போகும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். எங்கள் ஊரில் பேப்பர் கிடக்கிற கட்டடத்தில் சாயங்காலம் மெயினை அணைக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அணைத்துப் போட்டால் விட்ட இடம் அதற்கு ஞாபகம் இருக்காது. மறுநாள் முதலிலிருந்துதான்.

“அப்ப ஒரு வருஷமா முதல் பங்கை மட்டும் முந்நூறு தடவை சரிபார்த்திருக்கீங்க.”

“மிச்சம் எட்டுப் பங்கு?” என்றார் முதலாளி.

அந்த நிமிஷம் அந்த ரூமில் இருந்த மற்ற மூன்று பேரும் என்னைப் போலவே ஆகிவிட்டார்கள். அதுவரை என் பயத்தை இன்னொரு முகத்தில் நான் பார்த்ததே இல்லை. முதலாளி கை நகத்தைக் கடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. அன்று முழுசாகச் சரிபார்ப்பது என்று முடிவானது. அதில் என்ன வருகிறதோ அதைப் பார்த்துத்தான் புதுப் பெட்டியா இல்லையா, நான் ஏசி ரூமிலா கட்டிங்கிலா என்பதும் முடிவாகும். நல்ல நேரம் ஏழே முக்காலுக்கு முதலாளியே வந்து சாமி கும்பிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம். மத்தியானத்துக்கு அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். எழுபத்திரண்டு சதவீதத்தில் எண் நின்றது. என் கையில் சோறு நின்றது. அரை நிமிஷம் கழித்து மறுபடி நகர்ந்தது.

“என்னலே அது?”

பார்த்துச் சொன்னேன். மூன்றாவது டிஸ்க்கில் ஓர் இடம் படிக்க முடியவில்லை. மற்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, அந்த இடத்தை அதுவே திரும்ப எழுதிக்கொண்டுவிட்டது. பழைய டிஸ்க், பழுக்க ஆரம்பித்திருக்கிறது. எழுபத்தெட்டில் மறுபடி ஒரு இடம். அதையும் சரிசெய்துகொண்டது. முதல் பங்கை விட்டு நகராமல் இருந்திருந்தால், இன்னொரு டிஸ்க் சாகிற அன்றைக்குத்தான் இது தெரிந்திருக்கும். அன்றைக்குக் கணக்குப் போட ஆள் இருந்திருக்காது.

நாலரை ஆகும்போது தொண்ணூற்று மூன்று சதவீதம். முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நிறுத்துலே. ராகு காலம் பொறந்துருச்சு. ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்.”

நிறுத்தியிருக்கலாம். மெயினை அணைக்காவிட்டால் விட்ட இடத்திலிருந்து போகும். ஆனால் எனக்கு அந்த ஏழு சதவீதத்தைப் பார்க்காமல் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார முடியாது. நடுவில் கரண்ட் போனால்? யுபிஎஸ் காலை வாரினால்? எனக்குள் இருந்த எல்லாப் பயத்தையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தேன். ராகு காலம் ஏழாவதாகத்தான் வந்தது.

“நிறுத்த மாட்டேன் அண்ணாச்சி.”

“என்ன சொன்ன?”

“நீங்க வேணும்னா வெளிய போய் இருங்க. பாவம் எனக்கு வரட்டும். கட்டிங்குக்கு அனுப்புறதுன்னாலும் இது முடிஞ்ச பொறவு அனுப்புங்க.”

பதினெட்டு வருஷத்தில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து வெளியே போனார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தலை மட்டும் உள்ளே வந்தது.

“எம்புட்டு?”

“தொண்ணூத்தஞ்சு.”

தலை போனது. திரும்ப வந்தது.

“இப்ப?”

“தொண்ணூத்தேழு. உள்ள வாங்க அண்ணாச்சி, அங்கன நின்னாலும் ராகு காலம்தான்.”

ஐந்தே காலுக்கு முடிந்தது. வேறு குறை இல்லை. முதலாளி சட்டைப் பையிலிருந்து இன்ஜினியர் கொடுத்த தாளை எடுத்தார். பெட்டியை அடித்தார், கார்டை அடித்தார், நாலு டிஸ்க்கை ஒன்றாகத் திருத்தினார். கடைசி வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் அடித்தார்.

“நாளைக்கு ஆனி கடைசி. நீயே மதுரைக்குப் போய் அந்த ஒரு டிஸ்க்கை வாங்கிட்டு வந்துரு. ரூமுச் சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்.” வாசலில் திரும்பி நின்றார். “இனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. முழுசா. ஆரம்பிக்கிறது மட்டும் நான் சொல்ற நேரத்துல.”

மறுநாள் மதுரையில் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி பஸ் காலி. உட்கார்ந்தால் சீட்டின் குலுக்கல் நேரே டிஸ்க்குக்குப் போகுமே என்று, பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றபடியே வந்தேன். விருதுநகர் வரை கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே ஆள் இறங்கி ஏறியதும் பக்கத்தில் வந்துவிட்டார்.

“அண்ணே, சீட்டு கெடக்குல்ல, ஒக்காருங்க. பெட்டியில என்ன? பட்டாசு கிட்டாசு இல்லையே?”

நான் பதில் சொல்வதற்குள் ஜன்னலோரம் இருந்த பெரியவர் சொன்னார்: “கிறுக்கா ஒனக்கு? மதுரையிலேருந்து சிவகாசிக்கு எவன்யா பட்டாசு கொண்டு போவான்?”

பஸ்சில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் நெஞ்சு குலுங்குகிறது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.